அக்கரைக்குப் போன அம்சவள்ளி

அத்தியாயம் மூன்று

"நான் கேஸு போட்டவ. என்னை எதுக்கு ஜாமீன் கட்டச் சொல்றாங்க? நான் என்னா கொலையா பண்ணேன்?"

அம்சவள்ளி இதை மூன்றாவது தடவையாகக் கேட்டாள். முதல் தடவை எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டாம் தடவை நியாயமாகப் பட்டது. மூன்றாம் தடவை கேட்டபோது எனக்கே ரத்தம் கொதித்தது. யார் அந்த நீதிபதி, கூப்பிடு, ரெண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று எழுந்தேன். சாமுண்டீஸ்வரி அக்கா பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்தேன்.

மரக்காணத்தில் ஈ.சி.ஆர். ரோட்டு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிலையம். நிலையம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு ஃபேன், அதுவும் கரண்ட் இருந்தால். அக்கா முப்பது வருஷம் கோர்ட்டு வாசலில் டைப் அடித்தவர். "அடுத்தவன் பொய்யை முப்பது வருஷம் அடிச்சிருக்கேன்டா செந்தமிழு. எந்தப் பொய் எந்த வரியில வந்து உக்காரும்னு எனக்குத் தெரியும்" என்பார். செந்தமிழ் நான்தான். உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவர். பெயர் வைத்த அப்பாவின் நம்பிக்கையைப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில் குழி தோண்டிப் புதைத்தவன்.

"கொலைகாரனுக்குக் குடுக்கிற ஜாமீன் வேற, இது வேற," என்றார் அக்கா. "நீ கேஸ்ல தோத்துட்டா எதிராளியோட செலவை உன்கிட்ட வாங்கணும். நீ வெளிநாட்டுல உக்காந்துக்கினு கேஸ் நடத்தினா உன்னை எங்க போய்ப் புடிக்கிறது? அதனால ஒன்றரை லட்சத்தை முன்னாடியே கோர்ட்ல வெச்சிட்டு அப்புறம் பேசுன்றாங்க. வெக்கலைன்னா கேஸைத் தள்ளிடுவாங்க."

"நான்தான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கிறனே!"

"அதை நாளைக்குள்ள காட்டணும்."

நாளை வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் பணம் கட்ட வேண்டும், அல்லது அந்த ஆர்டர் தப்பு என்று நிரூபிக்க வேண்டும். ஒன்றரை லட்சத்தை அம்சவள்ளி கனவில்கூட மொத்தமாகப் பார்த்ததில்லை.

விவகாரம் இதுதான். அம்சவள்ளி நாலு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்து நாலு சென்ட் இடம் வாங்கி, ஒரு வீடும் கட்டினாள். அவள் அங்கே இருக்கும்போதே, அந்த இடத்தை அவள் தனக்கு விற்றுவிட்டதாக உப்பள முதலாளி சிவப்பிரகாசம் ஒரு பத்திரம் வைத்திருந்தான். அதில் அவள் கையெழுத்தும் இருந்தது. அது போலிக் கையெழுத்து என்று திரும்பி வந்ததும் வழக்குப் போட்டாள். பத்திரம் போலி என்று காட்ட, அன்றைக்குக் குவைத்தில் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். வழக்கு நடக்க, இன்றைக்கு மரக்காணத்தில் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சிவப்பிரகாசத்தின் வக்கீல் அந்த முதல் பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சரி, திரும்பி வந்ததற்கு பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்குமே என்றால், பாஸ்போர்ட்டை அங்கே முதலாளியம்மா பிடுங்கி வைத்துக்கொண்டாள். தூதரகம் கொடுத்த ஒரு வெள்ளைத் தாளில்தான் இவள் வந்தாள். அந்தத் தாளையும் ஏர்போர்ட்டிலேயே வாங்கிக்கொண்டு விட்டார்கள். ரேஷன் கார்டில் இவள் பெயரைக் கொழுந்தன் எப்போதோ எடுத்துவிட்டான். கூட வேலை செய்கிறவர்கள் சாட்சி சொல்லலாம். ஆனால் அக்கம்பக்கத்து உப்பளங்களுக்கெல்லாம் தண்ணீர் இறைக்கிற மோட்டார் சிவப்பிரகாசத்துடையது. வாயைத் திறந்தால் தண்ணீர் நின்றுவிடும்.

"தண்ணி குடிங்க, வெயிலு கொளுத்துது," என்று அம்சவள்ளி தன் ஃப்ளாஸ்க்கைத் திறந்து எங்கள் இருவருக்கும் ஊற்றினாள். ஜில்லென்று இருந்தது. நீல ஃப்ளாஸ்க், மேலே வளைந்து வளைந்து அரபி எழுத்து.

"என்னா எழுதியிருக்குது?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? குவைத்துலேர்ந்து கையோட வந்தது இது ஒண்ணுதான்."

அக்கா ஆர்டரை மறுபடி படித்துக் காட்டினார். வழக்கு விசாரணைக்கு வருமுன் அவளுடைய பழைய வக்கீல் விலகிவிட்டார். அதனால் நோட்டீஸ் நேராக வீட்டுக்கே போனது. பிப்ரவரி இருபதாம் தேதி கோர்ட்டு ஊழியர் வீட்டுக்குப் போனபோது, அவள் 'ஓவர்சீஸ்' போயிருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியிருக்கிறாள். அந்த அறிக்கையை நம்பித்தான் ஆர்டர்.

அம்சவள்ளி வேலைக்குக் கிளம்பிப் போனதும் அக்கா ஜன்னல் வழியாக அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ எதையோ முழுங்குறாடா."

"அக்கா, அவங்க நம்ம கட்சி."

"படிக்கிறப்ப வரிக்கு வரி குறுக்க பேசினா. கோர்ட்டு ஆளு வீட்டுக்கு வந்தான்ற வரிக்கு மட்டும் வாயே தொறக்கல. ஃப்ளாஸ்க் மூடியைத் திருகிக்கினு இருந்தா. வண்டியை எடு."

நோட்டீஸ் கொண்டுபோன ஊழியர் பெயர் அரவிந்தன். பக்கத்து ஊரில் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் பிடித்தோம். போகிற வழியிலேயே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். சிவப்பிரகாசம் இவனை வாங்கிவிட்டான், சந்தேகமே இல்லை. லஞ்சம் வாங்கினவனைச் செருப்பை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று குனிந்து பார்த்தேன். வலது செருப்பின் வாரில் ஊக்கு குத்தியிருந்தது. எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

அதற்குள் எங்கள் வக்கீல் சந்தியா, அரவிந்தனின் அறிக்கையை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். ஆர்டர் ஆங்கிலத்தில் இருந்தது. அறிக்கை தமிழில் இருந்தது. அக்கா சத்தமாகப் படித்தார்.

"'வாதி அக்கரை சென்றுள்ளார் என்றும், திரும்பும் நாள் தெரியாது என்றும் பக்கத்து வீட்டைச் சேர்ந்த அருக்காணி தெரிவித்தார்.' கீழ ஒரு கைநாட்டு." நிமிர்ந்தார். "தம்பி, அக்கரைன்னு சொன்னது யாரு? நீங்களா, அந்தம்மாவா?"

"அந்தம்மா சொன்னதை அப்படியே எழுதினேனுங்க. ஒரு எழுத்து கூட்டலை, குறைக்கலை."

"உங்களுக்கு எந்த ஊரு?"

"சேலத்துப் பக்கமுங்க. மாத்தலாகி வந்து மூணு மாசமாச்சு. எங்க பக்கம் கடலே இல்லீங்களே. அக்கரைன்னா சிங்கப்பூர், மலேசியாதானுங்க. கேஸ் கட்டுல குவைத்துன்னு வேற போட்டிருந்தாங்க. சரியாப் போச்சுன்னு வந்துட்டேன்."

எனக்கு டீ புரையேறியது. எங்கள் ஊரில் கால்வாய்க்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் உப்பளம். காலையில் வேலைக்குப் போனால் அக்கரைக்குப் போயிருக்கிறாள் என்போம். பொழுது சாய்ந்தால் வந்துவிடுவாள். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், பாலத்தில் ஏறி இறங்கினால் போதும். அந்த அக்கரை சேலத்துக் காதில் கடல் தாண்டி, ஆங்கிலத்தில் ஓவர்சீஸாகி, ஒன்றரை லட்சமாகி வந்து நிற்கிறது!

"கேஸு முடிஞ்சுது, நான் பஜ்ஜி சொல்லப் போறேன்," என்றேன்.

"நீ பஜ்ஜி சாப்பிடு. தம்பி, அந்தம்மா எப்படி இருந்தாங்க?"

"தலையிலயும் மூஞ்சியிலயும் துண்டு சுத்தியிருந்தாங்க. கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. ஆனா தங்கமான மனசுங்க. வெயில்ல வந்திருக்கீங்களேன்னு ஃப்ளாஸ்க்குலேர்ந்து ஜில்லுனு தண்ணி ஊத்திக் குடுத்தாங்க."

அக்காவின் டம்ளர் பாதி வழியில் நின்றது. வாழைக்காய் பஜ்ஜி சூடாக இருந்ததால் நான் அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. பிறகு இதற்காக நிறையத் திட்டு வாங்கினேன்.

பெருமுக்கல் மலையைத் தாண்டி மரக்காணம் வந்து சேரும் வரைக்கும் அக்கா அந்த அறிக்கையையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தார். அம்சவள்ளியின் தெருவில் வண்டியை நிறுத்தியதும் நாலு கதவு சாத்திக்கொண்டது. அருக்காணி வீட்டுக் கதவைச் சாத்தவில்லை, காரணம் அருக்காணியே வாசலில் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது, மகளிர் குழுத் தலைவி, காதில் மூன்று தோடு.

"என்னா வேணும்?"

அக்கா போனில் இருந்த அறிக்கையைக் காட்டினார். "இது உங்க கைநாட்டுதானேம்மா?"

அருக்காணியின் முகம் சிவந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"கைநாட்டா? நானா? நான் எட்டாங்கிளாஸு தெரியுமா! பன்னெண்டு வருஷமா குழுவுக்குக் கையெழுத்துப் போடறவ! எவ எம்பேர்ல நாட்டினது?" என்று கத்திவிட்டு, என் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, என் உள்ளங்கையிலேயே 'எஸ். அருக்காணி' என்று அழகாக எழுதிக் காட்டினார். கீழே இரண்டு கோடும் போட்டார்.

"பிப்ரவரி இருபது எங்க இருந்தீங்க?"

"குயிலாப்பாளையத்துல. எந்நாத்தனார் பொண்ணு வளைகாப்பு. ஃபோட்டோ கூட இருக்குது."

"அப்ப நாளைக்கு கோர்ட்ல வந்து ஒரு வார்த்தை..."

அவ்வளவுதான், சுருதி இறங்கிவிட்டது. "கோர்ட்டுக்கெல்லாம் வரமாட்டேம்மா. எம்மருமவன் அவுரு மோட்டார்லதான் வேலை செய்றான்."

"சரிம்மா, வேணாம்." அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "கோர்ட்டு ரெக்கார்டை அழிக்க மாட்டாங்க. எம்பது வருஷம், நூறு வருஷம் அப்படியே இருக்கும். உங்க பேரப்புள்ளைங்க எடுத்துப் பார்த்தாலும் நீங்க அதுல கைநாட்டுதான். வரோம்."

தெருமுனையில் நான் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். "எனக்குப் புரிஞ்சிடுச்சுக்கா. சிவப்பிரகாசம் ஒரு பொம்பளைய செட் பண்ணி, மூஞ்சியை மூடி, அருக்காணி பேரைச் சொல்லச் சொல்லி..."

"செட் பண்ணவ எதுக்குடா தண்ணி குடுக்கப் போறா? காசு வாங்கினவ வேலையை முடிச்சமா போனமான்னு இருப்பா. தண்ணி குடுக்கிறவ வீட்டுக்காரி." அக்கா பாலத்தைக் காட்டினார். "அக்கரைக்கு விடு."

உப்பளத்தில் மூன்று மணி வெயில். கண் கூசுகிற வெள்ளை. பதினோரு பெண்கள் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். பதினோரு பேரும் தலையிலும் முகத்திலும் துண்டு சுற்றி, கண்ணை மட்டும் விட்டிருந்தார்கள். இதில் அம்சவள்ளி எது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. அரவிந்தன் மேல் வைத்திருந்த மிச்சக் கோபமும் அங்கேயே போய்விட்டது.

"தாகமா இருக்குதும்மா!" என்று அக்கா வரப்பிலிருந்து குரல் கொடுத்தார்.

ஒருத்தி மட்டும் வாருபலகையைப் போட்டுவிட்டு வந்தாள். வரப்பில் நிழலுக்கு வைத்திருந்த நீல ஃப்ளாஸ்க்கை எடுத்து, மூடியில் ஊற்றி நீட்டினாள்.

அக்கா வாங்கிக் குடித்தார். "கோர்ட்டு ஆளுக்கும் இதுலதான் குடுத்தியா, அம்சவள்ளி?"

மூடியை வாங்க நீண்ட கை அப்படியே நின்றது. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. பக்கத்து வீட்டுக்காரியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அம்சவள்ளி இல்லை என்று சொன்னதே அம்சவள்ளிதான்!

"அடிப்பாவி!" என்றேன். கட்சிக்காரரை அப்படிச் சொல்லக்கூடாதுதான். வந்துவிட்டது.

அவள் துண்டை இறக்கினாள். அழுதுகொண்டிருந்தாள்.

"வேலைக்குக் கிளம்பிக்கினு இருந்தப்ப பேப்பரோட வந்தாரும்மா. சிவப்பிரகாசம் அனுப்பின ஆளுன்னு நெனச்சிட்டேன். நான் இல்லாதப்பவே எங்கையெழுத்தைப் போட்டவங்க, இருக்கிறேன்னு தெரிஞ்சா சும்மா வுடுவாங்களா? அன்னியிலேர்ந்து பேப்பரோட யாரு வந்தாலும் நான் நானில்லைன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன். அம்சவள்ளி அக்கரைக்கிப் போயிருக்குதுன்னேன். நீ யாருன்னாரு. வாயில அருக்காணின்னு வந்துது. கையெழுத்து கேட்டாரு. எனக்கு எழுதத் தெரியாதுன்னு கைநாட்டு வெச்சேன். எம்பேரும் இல்ல, எங்கையெழுத்தும் இல்ல, இதை வெச்சிக்கினு எவன் என்னா பண்ண முடியும்னு நெனச்சேன்."

"ரேகை உன்னுதாச்சேடி," என்றார் அக்கா மெதுவாக.

அவள் தன் கட்டைவிரலைப் புதிதாகப் பார்ப்பவள் மாதிரி பார்த்தாள்.

"ஊர்லயே இல்லைன்னு உன்னைச் சொல்ற பேப்பர்ல உன் விரலே இருக்குது. அதைவிட சாட்சி வேணுமா? இதை ஏன் எங்கிட்ட மொதல்லயே சொல்லல?"

"வந்தது கோர்ட்டு ஆளுன்னு போன வாரம்தான் தெரிஞ்சுது. கோர்ட்டு ஆளுகிட்ட பேரை மாத்திச் சொன்னா ஜெயிலுன்றாங்க. ஜெயிலாம்மா?"

அக்கா பொய்ச் சமாதானம் சொல்கிறவர் இல்லை. "திட்டுவாங்க. அபராதம் போட்டாலும் போடுவாங்க. அதுக்கு மேல என்னான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா வாயைத் திறக்கலைன்னா நாளைக்கு அஞ்சு மணிக்கு உன் வீடு போச்சு. பத்தரைக்கு கோர்ட்டு. வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

வண்டியில் நான் கேட்டேன். "ரேஷன் கடை மெஷினே உப்பளத்து ஆளுங்க ரேகையைப் புடிக்க மாட்டேங்குதே. எல்லாம் தேஞ்சு போச்சேக்கா. கோர்ட்ல எப்படிப் புடிக்கும்?"

"அதான்டா எனக்கும் பயம்," என்றார்.

மறுநாள் பத்தரை ஆனது. பத்தே முக்கால் ஆனது. அம்சவள்ளி வரவில்லை. சிவப்பிரகாசம் மடிப்புக் கலையாத வேட்டியில் பெஞ்சில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். பயந்துபோய் எங்கேயாவது ஓடிவிட்டாள் என்று நான் முடிவே செய்துவிட்டேன். வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். சந்தியா எழுந்து நீதிபதியிடம், "அம்மா, ஐந்து நிமிடம்" என்று ஆரம்பித்தாள்.

கதவருகே ஒரு சலசலப்பு. தலையிலும் முகத்திலும் துண்டு சுற்றி, உப்புக் கறை படிந்த ஆண்பிள்ளைச் சட்டையோடு ஒருத்தி உள்ளே வந்தாள். கையில் நீல ஃப்ளாஸ்க். பின்னாலேயே பட்டுப்புடவையில் அருக்காணி, கண்ணாடி போட்டு, காதில் பேனா செருகி!

"அன்னிக்கி எப்படி இருந்தனோ அப்படியே வந்திருக்கேம்மா," என்றாள் அம்சவள்ளி நீதிபதியிடம். ஒன்றையும் விடவில்லை. பேப்பர், பயம், அருக்காணி பெயர், கைநாட்டு, எல்லாம் சொல்லிவிட்டாள்.

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றினார். அரவிந்தனைக் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள்.

"நீங்க பார்த்தது இவங்களையா?"

"முகம் பார்க்கலீங்கம்மா. குரல் கேட்டா தெரியும்."

"அன்னைக்கு என்ன சொன்னீங்களோ, அதையே சொல்லுங்க," என்றார் நீதிபதி.

அம்சவள்ளி அரவிந்தனைப் பார்த்தாள். "அம்சவள்ளி இல்லீங்க. அக்கரைக்கிப் போயிருக்குது. எப்ப வரும்னு தெரியாது." அரவிந்தனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. அதைப் பார்த்ததும் அவள் கை தானாக மூடியைத் திருகியது. "வேர்த்து ஊத்துதே, இந்தாங்க, தண்ணி குடிங்க."

கோர்ட்டு முழுக்கச் சிரித்தது. அரவிந்தன் மட்டும் சிரிக்கவில்லை. "இவங்கதானுங்கம்மா. நூத்துக்கு நூறு இவங்கதான். நான்தான் அக்கரையைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

அருக்காணி யாரும் கூப்பிடாமலே முன்னால் வந்தார். "இவ ரெண்டு வருஷமா எனக்குப் பக்கத்து வூடும்மா. தெனமும் அக்கரைக்குப் போயி உப்பு வாருறா. எங்க வேணா எழுதித் தரேன். ஆனா எம்பேர்ல இருக்கிற கைநாட்டை மொதல்ல எடுக்கச் சொல்லுங்க!"

சிவப்பிரகாசத்தின் சிரிப்பைக் காணோம். அவன் வக்கீல் துள்ளி எழுந்தார். "அம்மா, இந்தப் பெண் கோர்ட்டு ஊழியரிடமே பொய் சொன்னதாக ஒப்புக்கொள்கிறார்! இவர் பேச்சை எப்படி நம்புவது?"

"பொய்தான்," என்றார் நீதிபதி. "ஆனா சொந்த வீட்டு வாசல்ல நின்னு சொன்ன பொய். குவைத்துல நின்னு சொல்லலையே." பிறகு அம்சவள்ளியின் பக்கம் திரும்பி ஒரு நிமிடம் நன்றாகத் திட்டினார். இனி பெயரை மாற்றிச் சொல்ல மாட்டேன் என்று எழுதித் தரச் சொன்னார். பணம் கட்டச் சொன்ன ஆர்டரை அங்கேயே ரத்து செய்தார். போலிப் பத்திரத்தை அடுத்த மாதமே விசாரிப்பதாகச் சொல்லித் தேதியும் போட்டார்.

குமாஸ்தா ஒரு தாளை நீட்டினார். தாளைக் கண்டதும் அம்சவள்ளி ஓரடி பின்வாங்கினாள். பழக்க தோஷம். அக்கா அவள் தோளில் கை வைத்தார்.

"எம்பேருதானேம்மா போடணும்?"

"உன் பேருதான்டி. தாராளமாப் போடு."

பேனாவை வாங்கி, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக அம்சவள்ளி என்று எழுதினாள். அருக்காணி எட்டிப் பார்த்து, கீழே கோடு போடச் சொன்னார். போட்டாள்.

"விலாசம்?" என்றார் குமாஸ்தா. "எங்க குடியிருக்கீங்க?"

அம்சவள்ளி முகத்துத் துண்டை முழுசாக அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இக்கரையில," என்றாள். "நல்லா கொட்டையா எழுதுங்க."